வேலை கேட்கப் போகும்போது எதைச் சொல்வது, எதைக் கேட்பது

(தோட்டத்து இளைஞர், யுவதிகளுக்கும் பெற்றோருக்குமான கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாங்கள் காலையில் பாடசாலையில் படிப்பிக்கிறோம். பின்னேரத்தில் சங்கக் காரியாலயத்தில் இருக்கிறோம். இந்த இரண்டு இடத்துக்கும் வருவது ஒரே லயத்துப் பிள்ளைகள்தான். “சேர், ஓ.எல். முடிஞ்சிருச்சு, கொழும்புக்கு வேலைக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போகும் பிள்ளை, சில மாதம் கழித்துச் சங்கக் காரியாலயத்துக்கு வருகிறது. “ரெண்டு மாசச் சம்பளம் தரல, ஐடென்டியையும் வாங்கி வச்சிக்கிட்டாங்க” என்கிறது. கடையின் பெயர் தெரியும். முதலாளியின் முழுப்பெயர் தெரியாது. எந்தத் திகதியில் சேர்ந்தது என்பது சரியாக ஞாபகம் இல்லை. கையில் ஒரு கடதாசியும் இல்லை. இப்படி வரும் பிள்ளைக்காகப் பேசும்போது, பிள்ளை அங்கே வேலை செய்தது உண்மை என்பதையே முதலில் நாம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான் இன்று வேலைக்குச் சேரும் முன்னே நடக்கும் விடயங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். விண்ணப்பம் எப்படி எழுதுவது, நேர்முகப் பரீட்சையில் எப்படி நடந்துகொள்வது, என்ன கேட்பது என்பதுதான் இன்றைய பேச்சு. நாங்கள் சொல்ல வந்தது சுருக்கமாக இவ்வளவுதான்: உங்களிடம் இருப்பதை முழுதாகச் சொல்லுங்கள். உங்களுக்குத் தரப்போவதை முழுதாகக் கேளுங்கள். நம் பிள்ளைகள் இருப்பதில் பாதியைத்தான் சொல்கிறார்கள். கேட்பதோ கிடையவே கிடையாது.

கடதாசிகள் முதலில்

ஓ.எல். எழுதிய பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பு இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டையின் போட்டோ கொப்பி, பரீட்சைப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், பயிற்சி எடுத்திருந்தால் அந்தச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரிடம் வாங்கிய சான்றிதழ், இவை எல்லாம் அந்த ஒரே கோப்பில். லயத்துக் கூரை ஒழுகும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே கோப்பைப் பொலித்தீன் பைக்குள் போட்டு வையுங்கள்.

கோப்பைச் சேர்த்த பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எல்லாக் கடதாசியையும் வரிசையாகப் பரப்பி வைத்து, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, பெறுபேற்றில் லட்சுமி என்று இருக்கும். ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. வேறு மொழியில் எழுதும்போது பெயர் இன்னும் ஒரு தடவை மாறியிருக்கும். நமக்கு இது ஒரே ஆள் என்று தெரியும். கம்பனியில் பைல் பார்க்கிறவருக்கு இது மூன்று ஆள்.

இதன் கஷ்டம் இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று இருந்ததால் ஓய்வுபெற்ற பிறகு ஈ.பி.எப். பணத்துக்கு அலைந்தவர்கள் நம் லயங்களில் உண்டு. அந்த அலைச்சல் அடுத்த தலைமுறைக்கும் வரக்கூடாது. பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்கு இப்போதே போக வேண்டும். நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. அங்கே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா என்று யாராவது திருப்பி அனுப்பினால் சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள்.

சுயவிபரக் கோவை

நம் பிள்ளைகள் டவுனுக்குப் போய், கொமியூனிகேஷன் கடையில் காசு கொடுத்து சுயவிபரக் கோவை அடித்து வருகிறார்கள். அங்கே ஏற்கெனவே கம்பியூட்டரில் ஒன்று இருக்கும். பெயரையும் விலாசத்தையும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். பத்துப் பிள்ளைகளின் கடதாசியை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பத்துப் பேருக்கும் பொழுதுபோக்கு புத்தகம் வாசித்தல், பத்துப் பேரும் கடின உழைப்பாளி. படிக்கிறவர் எந்தப் பிள்ளையை எடுப்பார்?

ஒரு பக்கம் போதும். பெயர், விலாசம், தொலைபேசி, படிப்பு, பயிற்சி, செய்த வேலை, தெரிந்த மொழிகள், உங்களைத் தெரிந்த இரண்டு பேர். இதில் ‘செய்த வேலை’ என்ற இடத்தை நம் பிள்ளைகள் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். “நாங்க ஒண்ணும் செய்யலயே சேர்” என்பார்கள். கொஞ்சம் விசாரித்தால் கதை வேறு. ஒரு தம்பி லீவு நாட்களில் மரக்கறி லொறியில் பெட்டி ஏற்றி, நிறுத்து, கணக்கு எழுதியிருப்பான். ஒரு தங்கச்சி மரண உதவிச் சங்கத்தில் மாதச் சந்தா சேர்த்துக் கொப்பியில் பதிந்திருப்பாள். இன்னொருவர் கோயில் திருவிழா வரவு செலவைப் பார்த்திருப்பார். இன்னொருவர் முன்பள்ளி ஆசிரியைக்கு உதவியாக இருந்திருப்பார். இவை எல்லாம் வேலைதான். சம்பளம் இல்லாமல் செய்ததால் வேலை இல்லை என்று ஆகிவிடாது.

எழுதும் விதத்தில்தான் விடயம் இருக்கிறது. ‘சமூக சேவையில் ஆர்வம்’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ‘இரண்டு வருடம் மரண உதவிச் சங்கத்தின் பொருளாளர். 60 குடும்பங்களின் சந்தாப் பணத்தைச் சேர்த்துக் கணக்கு எழுதி, கூட்டத்தில் வாசித்தேன்’ என்று எழுதிப் பாருங்கள். காசைக் கையில் கொடுத்தால் கணக்குக் காட்டும் பிள்ளை என்று காசாளர் தேடும் முதலாளிக்கு உடனே தெரியும். எத்தனை பேர், எத்தனை மாதம், என்ன பொறுப்பு, இந்த மூன்றையும் எழுதுங்கள். கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம்.

ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி எங்களிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். அங்கே கேள்வி கேட்பது அந்தக் கடதாசியைப் பார்த்துத்தான்.

உங்களைத் தெரிந்தவர் என்று அதிபரின் பெயரையோ ஆசிரியரின் பெயரையோ போட்டால், அவரிடம் முதலில் சொல்லுங்கள். எங்களுக்குக் கொழும்பிலிருந்து திடீரென்று அழைப்பு வரும். “உங்கள் மாணவராமே, எப்படி?” என்பார்கள். எந்தப் பிள்ளை, என்ன வேலை என்று தெரிந்திருந்தால் அந்த வேலைக்குப் பொருத்தமானதைச் சொல்வோம். தெரியாவிட்டால் ‘நல்ல பிள்ளை’ என்பதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

வேலை தெரியும், சான்றிதழ் இல்லை என்கிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மேசன் வேலை, வயரிங், தையல், சமையல் என்று வருடக்கணக்காகச் செய்தவர்கள், செய்த வேலையைச் சோதித்துப் பார்த்துத் தரப்படும் என்.வி.கியூ. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். முழுப் பயிற்சி நெறியையும் ஆரம்பத்திலிருந்து இருந்து படிக்க வேண்டியதில்லை. கொழும்பில் பத்து வருடம் மேசனுக்குக் கையாளாக இருந்து திரும்பிய அண்ணன்மார் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலாசத்தை மறைக்க வேண்டாம்

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் சிலர் தோட்டத்துப் பெயரை எழுத வெட்கப்படுகிறார்கள். ஹட்டன் என்று மட்டும் எழுதுகிறார்கள். அல்லது வெள்ளவத்தையில் தங்கியிருக்கும் அண்ணனின் போர்டிங் விலாசத்தைப் போடுகிறார்கள். தோட்டத்து ஆள் என்றால் வேறு மாதிரிப் பார்ப்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. அப்படிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் மறைத்தால் என்ன ஆகும்? அடையாள அட்டையில் ஒரு விலாசம், விண்ணப்பத்தில் ஒரு விலாசம். கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் கேட்டால் மூன்றாவது ஒன்று. உண்மையைத்தான் சொல்கிறோம், ஆனால் பொய் சொன்ன ஆள் மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று: ஊர் எது, வீடு எது, தேடி வர ஆள் உண்டா என்று தெரியாத தொழிலாளியை ஏமாற்றுவது சுலபம். தோட்டத்தின் பெயரை எழுதுகிற பிள்ளைக்குப் பின்னால் ஒரு லயம் இருக்கிறது, ஒரு சங்கம் இருக்கிறது. அது முதலாளிக்கும் தெரியட்டும்.

விலாசத்தை முழுதாக எழுதுங்கள்: வீட்டு இலக்கம் இருந்தால் இலக்கம், டிவிஷன், தோட்டம், தபால் நகரம். தோட்டக் காரியாலயத்துக்கு வந்த கடிதம் லயத்துக்கு வந்து சேரும் முன்னே நேர்முகப் பரீட்சை முடிந்துபோன கதை இங்கே பல வீட்டில் உண்டு. அதனால் தொலைபேசி இலக்கம் இரண்டு கொடுங்கள். ஒன்று உங்களுடையது, மற்றது வீட்டில் எப்போதும் எடுக்கக்கூடிய ஒருவருடையது. சிக்னல் இல்லாத டிவிஷனில் இருப்பவர்கள் விண்ணப்பம் போட்ட பிறகு ஒரு வாரம் விட்டு நீங்களே எடுத்து விசாரியுங்கள். விசாரிப்பது தொந்தரவு அல்ல.

நேர்முகப் பரீட்சை நாள்

ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் நாலைந்து மணித்தியாலம். மழைக் காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் நேரம் சொல்ல முடியாது. காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னால், முதல் நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதுதான் புத்தி. அது முடியாவிட்டால், தூரத்திலிருந்து வருகிறோம், பத்தரைக்கு வரலாமா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். பிந்திப் போய்க் காரணம் சொல்வதைவிட இது மேல்.

உடுப்புக்குக் கடன் வாங்க வேண்டாம். துவைத்து அயர்ன் பண்ணிய சேர்ட், காற்சட்டை. தங்கைமாருக்குச் சுடிதார் அல்லது சட்டை, பாவாடை. இருப்பதில் நல்லது போதும். தோட்டத்துப் பாதையில் சேறு என்றால் சப்பாத்தைப் பையில் கொண்டுபோய்ப் பெரிய ரோட்டில் மாற்றிக்கொள்ளுங்கள். மலைக் குளிருக்குப் போட்ட சுவெட்டரை அவிசாவளை தாண்டும்போது கழற்றிவிடுங்கள்.

உள்ளே போனதும் ‘சேர்’ அல்லது ‘மெடம்’ என்று வணக்கம் சொல்லுங்கள். துரைக்கு முன்னால் நிற்பது மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். அந்த நிற்பை நமக்குப் பரம்பரையாகப் பழக்கிவிட்டார்கள். உட்காரச் சொன்னால் கதிரையில் நன்றாக உட்காருங்கள். கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். கேள்வி விளங்காவிட்டால் தலையாட்ட வேண்டாம், “திரும்பச் சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள்.

சிங்களத்தில் நாலு வசனத்தையாவது வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். பெயர், ஊர், படிப்பு, முன்பு செய்த வேலை. “மம ஹட்டன் இந்தலா ஆவே” என்று தொடங்கினால் எதிரில் இருப்பவரின் முகம் மாறும். பிழை வந்தால் பரவாயில்லை. “மட்ட சிங்ஹல டிகக் புளுவன்” என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்த ஆள் கடைக்கும் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தேவை. அதை ஒரு தகைமையாகவே சொல்லலாம்.

கணக்கில் சித்தியடையவில்லையா? மறைக்க வேண்டாம். “கணக்கு கிடைக்கவில்லை, அடுத்த தடவை மறுபடி எழுதுகிறேன்” என்று நேராகச் சொல்லுங்கள். பொய்ச் சான்றிதழ் எடுத்துத் தருகிறோம் என்கிறவர்களின் பக்கம் போகவே வேண்டாம். பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்தில் உறுதிப்படுத்திப் பார்க்க முடியும். அகப்பட்டால் வேலையும் போகும், பொலிஸும் வரும்.

தராசைப் பார்க்கும் பழக்கம்

இனி, கேட்க வேண்டியவை. கடைசியில் “உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா?” என்பார்கள். நம் பிள்ளைகள் “ஒன்றும் இல்லை சேர்” என்று எழுந்துவிடுவார்கள். கேட்டால் வேலை தரமாட்டார்களோ என்ற பயம்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நம் அம்மாமார் என்ன செய்கிறார்கள்? தராசைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். எத்தனை கிலோ என்று மனதில் வைத்துக்கொண்டு, சம்பளத் துண்டு வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதை மரியாதைக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. நேர்முகப் பரீட்சையில் கேள்வி கேட்பதும் அதே பழக்கம்தான். பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். ஐந்து கேள்விகள் போதும்:

1. என்ன வேலை, எந்த இடத்தில்?
2. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை? லீவு எப்போது?
3. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு?
4. ஈ.பி.எப்., ஈ.டி.எப். கட்டுவீர்களா? தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் கழிப்பீர்களா?
5. நியமனக் கடிதம் எப்போது தருவீர்கள்?

இவற்றுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. வேலையின் நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. குறைந்தபட்சச் சம்பளத்துக்கு 2016ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. அப்போது மாதம் 10,000 ரூபா, அதன் பிறகு உயர்த்தப்பட்டிருக்கிறது. போகும் முன் இன்றைய தொகையைச் சங்கக் காரியாலயத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஈ.பி.எப். என்றால் என்ன என்று உங்கள் அம்மா அப்பாவின் சம்பளத் துண்டிலேயே பார்த்திருப்பீர்கள். தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், முதலாளியிடமிருந்து 12 சதவீதம். ஈ.டி.எப். முழுக்க முதலாளியின் பங்கு, 3 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 30,000 ரூபா சம்பளம் என்றால் முதலாளி தன் பங்காக ஈ.பி.எப்.புக்கு 3,600 ரூபாவும் ஈ.டி.எப்.புக்கு 900 ரூபாவும் கட்ட வேண்டும். மொத்தம் 4,500. வருடத்துக்கு 54,000 ரூபா. “கையில கூட ஆயிரம் ரூபா தர்றேன், ஈ.பி.எப். வேணாம்” என்று சொல்கிற கடையில் நீங்கள் மாதம் 3,500 ரூபாவை விட்டுக்கொடுத்துவிட்டு வேலை செய்கிறீர்கள். பரீட்சார்த்த காலம், தற்காலிக வேலை என்று சொல்லி இதைத் தள்ளிப்போடவும் முடியாது. முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும்.

கடிதம் தரும்வரை ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வையுங்கள். சேர்ந்த திகதி, நிறுவனத்தின் பெயர், விலாசம், முதலாளியின் பெயர், ஒவ்வொரு மாதமும் வாங்கிய காசு. பிரச்சினை வந்தால் தொழில் திணைக்களத்துக்குப் போகும்போது அந்தக் கொப்பிதான் நமக்கு முதல் சாட்சி.

தரகர் வந்தால்

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்கே வந்து, முற்பணம் கொடுத்து, பிள்ளையைக் கூட்டிப் போகிறேன் என்கிறவரிடம் கவனமாக இருங்கள். அந்தப் பணம் பிள்ளையின் தலையில் கடனாக ஏறும். கடன் தீரும்வரை பிள்ளை வேலையை விட முடியாது. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் கங்காணிக் கடனும் ‘துண்டு’ முறையும் இப்படித்தான் ஆட்களைக் கட்டி வைத்தன. துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1921ஆம் ஆண்டு. நூறு வருடம் கழித்து அதை நம் வீட்டு வாசல் வழியாக நாமே உள்ளே விடலாமா?

அடையாள அட்டையையும் மூலச் சான்றிதழ்களையும் தரகரிடமும் கொடுக்க வேண்டாம், முதலாளியிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம். காட்டுங்கள், போட்டோ கொப்பி கொடுங்கள், மூலத்தைத் திரும்ப வாங்கிக் கோப்பில் வையுங்கள். நேர்முகப் பரீட்சை என்று ஆளில்லாத வீட்டுக்கோ ஹோட்டல் அறைக்கோ கூப்பிட்டால் போக வேண்டாம். தங்கைமார் முதல் தடவை போகும்போது கூட ஒருவர் போவது நல்லது.

16 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது 2021ஆம் ஆண்டிலிருந்து சட்டப்படி குற்றம். வீட்டு வேலையும் வேலைதான். வீட்டு வேலைக்குப் போய் உயிரோடு திரும்பி வராத பிள்ளைகளை மலையகம் கண்டிருக்கிறது. வீட்டுக் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்த வயதுப் பிள்ளை பாடசாலையில்தான் இருக்க வேண்டும். அப்படி ஒரு பிள்ளை எங்காவது வேலையில் இருப்பது தெரிந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். எங்களுக்கும் சொல்லுங்கள்.

இனி, வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டிய வேலை. இந்தக் கிழமைக்குள் கோப்பை எடுத்துப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். செய்த வேலைகளை ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் கொண்டு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். சுயவிபரக் கோவையை ஒன்றாக உட்கார்ந்து எழுதுவோம். ஒருவர் முதலாளியாகவும் ஒருவர் வேலைக்கு வந்தவராகவும் இருந்து கேள்வி கேட்டும் பழகுவோம். ஏற்கெனவே கொழும்பில் வேலை செய்துவிட்டு வந்த அண்ணன்மார், அக்காமாரும் வாருங்கள். அங்கே எப்படிக் கேள்வி கேட்பார்கள் என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்.